பிழைச்செய்தி வராத பிழைகள்: கட்டற்ற மென்பொருளில் ஜிஐஎஸ் கற்பிக்கும்போது

ஜிஐஎஸ் (புவியியல் தகவல் அமைப்பு) ஆய்வகத்தில் ஒரு மாணவர் கையைத் தூக்கி "எரர் வருது" என்றால் அது நல்ல சேதி. சிவப்பு எழுத்தில் ஏதோ வந்திருக்கிறது, படித்தால் பாதி வழி தெரிந்துவிடும். யாரும் கையைத் தூக்காமல், எல்லார் திரையிலும் வண்ணமயமாக ஒரு வரைபடம் வந்து நிற்கும்போதுதான் கவலைப்பட வேண்டும். அதில் பாதி தவறாக இருக்கலாம், மென்பொருள் ஒரு வார்த்தை சொல்லியிருக்காது. பல்கலைக்கழக அளவில் ஜிஐஎஸ் பாடத்தை எந்த வரிசையில் நடத்துவது என்ற கேள்விக்கு இந்த ஓசையில்லாத பிழைகளே சரியான விடை தருகின்றன. மெனு வரிசையில் பாடம் நடத்தினால் பொத்தான்கள் மட்டுமே மனதில் நிற்கும்.

கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுக்க உரிமக் கட்டணத்தைவிட வலுவான ஒரு காரணம் உண்டு. வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ், தரவுத்தளத்தில் இயங்கும் போஸ்ட்ஜிஐஎஸ், ஆர் மொழியின் எஸ்எஃப் தொகுப்பு, பைத்தானின் ஜியோபாண்டாஸ் தொகுப்பு எல்லாமே அடித்தளத்தில் ஒரே மூன்று நூலகங்களைச் சார்ந்தவை. கோப்புகளைப் படிக்க எழுத ஜிடால், ஆயத்தொலைவுகளை மாற்ற ப்ரோஜ், வடிவக் கணக்குகளுக்கு ஜியோஸ். ஒன்றில் கற்றது மற்றொன்றிலும் கைகொடுக்கும். ஒன்றில் செய்யும் தவறும் அப்படியே அடுத்ததற்குப் போகும். படிப்பு முடிந்த பிறகும் மாணவரின் சொந்தக் கணினியில் அதே கருவி இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்று மூலநிரலைத் திறந்தே பார்க்கலாம்.

எண்ணைப் பார்த்தே சொல்

முதல் இரண்டு வாரங்களுக்கு வரைபடம் செய்யவே விடாதீர்கள். ஆயத்தொலைவுகளோடு மட்டும் பழகட்டும். மிகச் சிறந்த பயிற்சிக்குக் கணினியே தேவையில்லை. கரும்பலகையில் மூன்று ஜோடி எண்கள் போதும்:

24.94, 60.17
385600, 6671900
2776000, 8437000

மூன்றும் ஏறக்குறைய ஒரே இடம், ஹெல்சின்கி நகரின் நடுப்பகுதி. முதலாவது தீர்க்கரேகையும் அட்சரேகையும், அதாவது இபிஎஸ்ஜி 4326 (இபிஎஸ்ஜி என்பது ஆயத்தொலைவு முறைகளுக்கான குறியீட்டுப் பட்டியல்). இரண்டாவது, உலகை 6 டிகிரி மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறையின் மண்டலம் 35 வடக்கு. மூன்றாவது, இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் வெப் மெர்க்கேட்டர், இபிஎஸ்ஜி 3857. மாணவர்கள் எண்ணின் உருவத்தை வைத்தே இவற்றைப் பிரிக்கப் பழக வேண்டும். 180க்குள், 90க்குள் அடங்கினால் பெரும்பாலும் டிகிரி. கிழக்குத் தொலைவு ஆறு இலக்கமாக, 500000க்கு இரு பக்கமும் நின்றால் யூடிஎம்மாக இருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் ஒவ்வொரு 6 டிகிரி மண்டலத்தின் நடுக்கோட்டுக்கும் 500000 மீட்டர் என்றே மதிப்புக் கொடுக்கப்பட்டிருக்கிறது. கிழக்குத் தொலைவே பல லட்சம் மீட்டராக, இரண்டு கோடி வரைகூடப் போனால் பெரும்பாலும் வெப் மெர்க்கேட்டர். இந்தப் பழக்கம் கைவந்தவர்கள், பின்னால் ஒரு லேயர் (வரைபடத்தின் ஒரு தரவு அடுக்கு) ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் போய் விழுந்தால் பதறமாட்டார்கள். சுட்டியை அதன்மேல் வைத்து எண்ணைப் படிப்பார்கள். பூஜ்ஜியம், பூஜ்ஜியம் என்று இருந்தால் ஆயத்தொலைவு காலியாக வந்திருக்கிறது. சின்னச் சின்ன டிகிரி எண்களை மீட்டர் என்று அறிவித்திருந்தாலும் புள்ளிகள் அங்கேதான் குவியும். தீர்க்கரேகையும் அட்சரேகையும் இடம் மாறியிருந்தால் வேறெங்கோ போகும். எக்ஸ் என்பது தீர்க்கரேகை, ஒய் என்பது அட்சரேகை. பேச்சுவழக்கில் அட்சரேகையை முதலில் சொல்வதால் இந்தக் குழப்பம் ஒவ்வொரு வகுப்பிலும் வரும்.

அடுத்தது, மொத்தப் பாடத்திலும் அதிகச் சேதம் செய்யும் குழப்பம். லேயரின் சிஆர்எஸ்ஸை, அதாவது ஆயத்தொலைவு முறையை, அறிவிப்பது ஒன்று, லேயரை வேறு சிஆர்எஸ்ஸுக்கு மாற்றுவது வேறொன்று. ஒரு பலகையின் நீளம் 5 அடி. அதை 1.524 மீட்டர் என்று எழுதினால் அது மாற்றம். 5 என்ற எண்ணை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் மீட்டர் என்று எழுதினால் அது பொய். கியூஜிஐஎஸ்ஸில் 'செட் லேயர் சிஆர்எஸ்' என்பது அலகின் பெயரை எழுதும் வேலை. 'ரீப்ரொஜெக்ட் லேயர்' என்பது எண்ணையே மாற்றும் வேலை. லேயர் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி தெரிந்தாலோ, அறிவித்திருக்கும் சிஆர்எஸ்ஸே தவறாக இருந்தாலோ மட்டும் முதலாவது, மற்ற எல்லா நேரத்திலும் இரண்டாவது. போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் எஸ்டி செட்எஸ்ஆர்ஐடி, எஸ்டி டிரான்ஸ்ஃபார்ம் என்று இதே ஜோடி மறுபடி வரும். அப்போது இந்தப் பலகையை நினைவூட்டினால் போதும்.

கியூஜிஐஎஸ் பல சிஆர்எஸ் லேயர்களைத் திரையில் தானாகவே பொருத்திக் காட்டுவது பெரிய வசதி. கற்பிக்கும்போது அதுவே தடையும் ஆகிறது. திரையில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருப்பதால் தரவும் ஒரே அளவில் இருக்கிறது என்று மாணவர் நம்பிவிடுவார். இதை உடைக்க ஒரு பரப்பளவுப் பயிற்சி உதவும். ஒரு பலகோணத்துக்கு ஃபீல்டு கால்குலேட்டரில் இரண்டு நெடுவரிசைகள் போடச் சொல்லுங்கள். ஒன்றில் டாலர் குறியோடு தொடங்கும் 'ஏரியா', இன்னொன்றில் அடைப்புக்குறிக்குள் வடிவத்தை வாங்கும் 'ஏரியா'. முன்னது புராஜெக்டில் அமைத்த நீள்வட்டக் கோளத்தின்மேல் கணக்கிடும். பின்னது லேயரின் எண்களைத் தட்டையான தாளில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளும். நிலநடுக்கோட்டருகே ஒரு ஹெக்டேர் நிலத்துக்கு, டிகிரியில் உள்ள லேயரில் பின்னது தரும் விடை சுமார் 0.0000008. சதுர டிகிரி என்றொரு அலகுக்குத் தரையில் எந்தப் பொருளும் இல்லை என்பது அந்த எண்ணைப் பார்த்தவுடன் புரியும்.

அதே பயிற்சியை வெப் மெர்க்கேட்டரில் உள்ள லேயரிலும் செய்யுங்கள். 60 டிகிரி அட்சரேகையில் நீளம் இரண்டு மடங்கும் பரப்பு நான்கு மடங்கும் காட்டும். அது கண்ணை உறுத்தும், யாரும் ஏமாறமாட்டார்கள். 10 டிகிரியில் பரப்பு சுமார் 3 சதவீதம்தான் கூடும். யார் கண்ணிலும் படாமல் ஆய்வேட்டுக்குள் போய் உட்காருவது அந்த 3 சதவீதம்தான்.

ஒரு பஃபர், நான்கு விடைகள்

500 மீட்டர் பஃபர், அதாவது ஒன்றைச் சுற்றி அந்தத் தூரம் வரை உள்ள பகுதியை வரைவது, எல்லா ஜிஐஎஸ் பாடத்திலும் உண்டு. அதை ஒரே ஒரு கருவியில் நடத்தாமல், இபிஎஸ்ஜி 4326இல் உள்ள ஒரே புள்ளிக் கோப்பை நான்கு இடங்களில் கொடுத்துப் பாருங்கள். கியூஜிஐஎஸ்ஸில் 500 என்று அடித்தால் அது 500 டிகிரி. எண் பெட்டிக்குப் பக்கத்தில் அலகு டிகிரி என்று எழுதியிருக்கும், சின்ன மஞ்சள் முக்கோணமும் இருக்கும், ஆனாலும் கருவி ஓடி முடியும். உலகத்தையே விழுங்கும் ஒரு வட்டம் கிடைக்கும். ஜியோபாண்டாஸிலும் அதே கதை, ஓர் எச்சரிக்கை வரியோடு. எஸ்எஃப் தொகுப்பின் 1.0க்குப் பிந்தைய பதிப்புகள் தீர்க்கரேகை, அட்சரேகைத் தரவைக் கோளத்தின்மேல் வைத்துக் கணக்கிடுவதால் 500 என்பது மீட்டராகவே எடுத்துக்கொள்ளப்படும். போஸ்ட்ஜிஐஎஸ்ஸில் ஜியோமெட்ரி வகையாக இருந்தால் டிகிரி, ஜியாகிரஃபி வகையாக இருந்தால் மீட்டர்.

நான்கு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகு விரிவுரையே தேவைப்படாது. கெட்டிக்கார மாணவர் ஒருவர், ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டு 0.0045 என்று அடிப்பார். அவரைப் பாராட்டிவிட்டு ஹெல்சின்கிப் புள்ளியைக் கொடுங்கள். வடக்கு தெற்காக 500 மீட்டர் வரும், கிழக்கு மேற்காக 250 மீட்டர்தான் வரும். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்குவதை அவர் இனி மறக்கமாட்டார். சரியான வழி, அந்தப் பகுதிக்கான யூடிஎம் மண்டலத்துக்கோ அந்த நாட்டின் அதிகாரப்பூர்வ மீட்டர் அளவுள்ள சிஆர்எஸ்ஸுக்கோ மாற்றிவிட்டுப் பஃபர் போடுவது.

அட்டவணைகள்

வடிவங்களைவிட அட்டவணைகளில் அதிக நேரம் போகும். பாடத்திட்டத்தில் இதற்கு ஒரு முழு வாரம் ஒதுக்குங்கள், வீணாகாது.

பகுதிக் குறியீடு 007 என்று இருக்கும். சிஎஸ்வி கோப்பைத் திறந்ததும் 7 ஆகிவிடும். எல்லைக் கோப்பில் 007 எழுத்தாகவே இருக்கும். இரண்டையும் இணைத்தால் பிழைச்செய்தி எதுவும் வராது, சில வரிசைகள் மட்டும் வெறுமையாக நிற்கும். வரைபடத்தில் அந்தப் பகுதிகள் காணாமல் போகும், அல்லது தவறான நிறம் பூசிக்கொள்ளும். சிஎஸ்வி ஏற்றும்போது 'டிடெக்ட் ஃபீல்டு டைப்ஸ்' தேர்வை எடுத்துவிட வேண்டும். அல்லது அதே பெயரில் சிஎஸ்விடி நீட்சியோடு ஒரு சின்னக் கோப்பு வைத்து ஒவ்வொரு நெடுவரிசையின் வகையையும் எழுதிவிட வேண்டும். விரிதாள் மென்பொருளில் ஒருமுறை திறந்து சேமித்திருந்தால் பூஜ்ஜியங்கள் கோப்பிலிருந்தே போயிருக்கும். அப்போது 'எல்பேட்' சார்பால் மீண்டும் மூன்று இலக்கமாக்கலாம். பெயரை வைத்து இணைப்பவர்களுக்குக் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் இடைவெளி போதும், இணைப்பு கெட்டுவிடும். இணைத்தவுடன் வெறுமையாக உள்ள வரிசைகளை எண்ணி எழுதுவதைப் பயிற்சித்தாளின் கட்டாய வரியாக வையுங்கள்.

ஷேப்ஃபைல் பற்றி ஒரே பேச்சு: அந்தப் பழைய கோப்பு வடிவத்தை விட்டுவிட்டு, பாடத்தின் முதல் நாளிலிருந்தே ஜியோபேக்கேஜ் கோப்பு வடிவத்தைப் பயன்படுத்துங்கள். தமிழில் தரவு வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஷேப்ஃபைலில் நெடுவரிசைப் பெயருக்கு 10 பைட்தான் இடம். யூடிஎஃப் 8இல் ஒரு தமிழ்க் குறி 3 பைட் எடுக்கும், புள்ளியும் துணைக்காலும்கூடத் தனித்தனிக் குறிகள். "மக்கள்தொகை" என்ற சொல்லுக்கே 30 பைட் வேண்டும். மூன்று குறிகளோடு பெயர் வெட்டுப்பட்டு "மக்" என்று நிற்கும். உள்ளே எழுதும் உரைக்கு உச்சவரம்பு 254 பைட், அதாவது 84 தமிழ்க் குறிகள். எழுத்துக் குறியாக்கம் எது என்று சொல்லும் சிபிஜி கோப்பு தொலைந்துபோனால் எழுத்துகள் குப்பையாகத் தெரியலாம். வரைபடத்தில் பெயருக்குப் பதில் கட்டங்கள் வந்தால் அது வேறு சிக்கல், தேர்ந்தெடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை எல்லாக் கணினிகளிலும் முன்கூட்டியே நிறுவிவிடுங்கள்.

ஜியோபேக்கேஜுக்கும் ஒரு குணம் உண்டு. அது எஸ்கியூலைட் தரவுத்தளம். கியூஜிஐஎஸ் திறந்திருக்கும்போது பக்கத்தில் வால் (டபிள்யூஏஎல்), எஸ்ஹெச்எம் என்று முடியும் இரண்டு கோப்புகள் தோன்றலாம். கடைசியாகச் செய்த திருத்தங்கள் அந்த வால் கோப்பில் இருக்கக்கூடும். மென்பொருளை மூடாமல் முதன்மைக் கோப்பை மட்டும் பென்டிரைவில் நகலெடுத்துக்கொண்டு போனால், வீட்டில் திறக்கும்போது அரைமணி நேர டிஜிட்டைசேஷன் காணாமல் போயிருக்கும். மூடு, பிறகு நகலெடு என்று ஆய்வகச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

வெட்டுவதும் ஒட்டுவதும்

ஒரு லேயரின்மேல் இன்னொன்றை வைத்து வெட்டும், இணைக்கும் ஓவர்லே பாடத்தில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. இரண்டையும் வேண்டுமென்றே விழவைத்துக் காட்டுவது நல்லது.

நிலப்பயன்பாட்டு லேயரில் பரப்பளவு நெடுவரிசை ஏற்கெனவே இருக்கும். மாணவர் அதை ஆய்வுப் பகுதியால் 'கிளிப்' செய்வார். வடிவம் சிறியதாகும், நெடுவரிசையில் உள்ள எண் பழையபடியே இருக்கும். கூட்டிப் பார்த்தால் ஆய்வுப் பகுதியைவிட அதன் உள்ளே இருக்கும் காடு பெரியதாக வரும். வடிவத்தைத் தொடும் ஒவ்வொரு படிக்குப் பிறகும் பரப்பை மறுபடி கணக்கிட வேண்டும், கூட்டுத்தொகையை மொத்தப் பரப்போடு ஒப்பிட வேண்டும்.

மற்றது பழுதான வடிவங்கள். தன்னையே வெட்டிக்கொள்ளும் பலகோணம் ஒன்று இருந்தால் கியூஜிஐஎஸ் இயல்பாகவே வேலையை நிறுத்திவிடும். இது நேர்மையான நடத்தை. ஆனால் இணையத்தில் தேடும் மாணவர், அமைப்புகளில் பழுதான வடிவங்களைத் தவிர்த்துவிடு என்று மாற்றும் வழியைக் கண்டுபிடிப்பார். அதன்பின் கருவி ஓடும், சில பலகோணங்கள் விடையில் இருக்காது. 'ஃபிக்ஸ் ஜியோமெட்ரீஸ்' கருவியை ஓட்டிவிட்டு, முன்னும் பின்னும் எத்தனை உருப்படிகள் என்று எண்ணச் சொல்லுங்கள்.

ராஸ்டர்

ராஸ்டர் என்பது பிக்சல் பிக்சலாக எண்களை வைத்திருக்கும் தரவு. எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 2000 பிப்ரவரியில் 11 நாள் விண்கலப் பயணத்தில் எடுக்கப்பட்டது. இலவசம், கற்பிக்க ஏற்றது, ஆனால் டிகிரியில் வருகிறது. உயரம் மீட்டரில், கிடைத்தொலைவு டிகிரியில். ஒரு பிக்சலுக்கும் அடுத்த பிக்சலுக்கும் 3 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜத்தில் 30 மீட்டருக்கு 3 மீட்டர், சாய்வு 6 டிகிரிக்கும் குறைவு. மென்பொருள் பார்ப்பது 0.00028க்கு 3. சாய்வு 89.99 டிகிரி. முழு வரைபடமும் செங்குத்துப் பாறையாகிவிடும். மீட்டர் சிஆர்எஸ்ஸுக்கு மாற்றிவிட்டுக் கணக்கிடுவதே தீர்வு. புதிய ஜிடால் பதிப்புகள் இந்த அலகு வித்தியாசத்தைத் தாங்களே கவனித்துக்கொள்கின்றன. பழைய பதிப்பும் புதிய பதிப்பும் கலந்த ஆய்வகத்தில் பக்கத்துப் பக்கத்துக் கணினிகள் வேறு வேறு விடை தர இதுவே காரணம்.

அப்படி மாற்றும்போது மறுமாதிரி முறையை, அதாவது புதிய பிக்சல்களுக்கு மதிப்பு எப்படி எடுக்கப்படுகிறது என்பதை, கவனிக்க வேண்டும். உயரத்துக்கு, அருகிலுள்ள பிக்சல்களைச் சராசரியாக்கும் பைலீனியர் பொருந்தும். நிலப்பரப்பு வகை ராஸ்டருக்கு, மிக அருகிலுள்ள பிக்சலின் மதிப்பை அப்படியே எடுக்கும் நியரஸ்ட் நெய்பர் மட்டுமே. வகை 2 நீர், வகை 6 காடு என்றால் பைலீனியர் இரண்டுக்கும் நடுவில் 4 என்று எழுதிவைக்கும். 4 வயலாக இருந்தால், ஏரிக்கரை நெடுகிலும் இல்லாத வயல்கள் முளைத்துவிடும்.

செடிகொடிகளின் அடர்த்தியைக் காட்டும் என்டிவிஐ கணக்குக்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். சென்டினல் 2 செயற்கைக்கோள் படங்களில் அகச்சிவப்புக்கு பட்டை 8, சிவப்புக்கு பட்டை 4, இரண்டும் 10 மீட்டர். சூத்திரம் எளிது, வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுப்பது. ஜிடால் கால்க் கருவியில் அப்படியே எழுதினால் 16 பிட் குறியில்லா முழு எண்ணாகவே கழித்தல் நடக்கும். 2500இலிருந்து 3000ஐக் கழித்தால் மைனஸ் 500 வராது, 65036 வரும். விடை 11.8 என்று நிற்கும். தசம எண்ணாக மாற்றிவிட்டுக் கழித்தால் சரியாகும். என்டிவிஐ மைனஸ் 1 முதல் 1 வரைதான் என்று தெரிந்தவர் இதை உடனே பிடித்துவிடுவார்.

பிடிக்கவே முடியாத ஒன்றும் இங்கே இருக்கிறது. 2022 ஜனவரியில் சென்டினல் 2 படங்களைப் பதப்படுத்தும் முறை மாறியபோது பிக்சல் மதிப்புகளில் 1000 கூட்டப்பட்டது. கணக்கிடும் முன் அதைக் கழிக்க வேண்டும். உண்மையான மதிப்பு அகச்சிவப்பில் 4000, சிவப்பில் 500 என்றால் என்டிவிஐ 0.78. கழிக்க மறந்தால் 5000, 1500 என்று எடுத்துக்கொண்டு 0.54 கிடைக்கும். இரண்டுமே நம்பும்படியான எண்கள். 2021 படத்தையும் 2023 படத்தையும் ஒப்பிட்ட மாணவர், பசுமை அழிந்துவிட்டது என்று நல்ல நோக்கத்தோடு முடிவு எழுதிவிடுவார். காலமாற்றம் பற்றிய எந்தச் செயல்திட்டத்திலும் முதலில் படத்தின் மெட்டாடேட்டா கோப்பைத் திறந்து பதப்படுத்தல் பதிப்பு எண்ணைப் படிக்கவைப்பது இதனால்தான்.

ஆய்வகத்தைத் தயார் செய்வது

எல்லாக் கணினிகளிலும் ஒரே பதிப்பு, அதுவும் நீண்டகால ஆதரவு உள்ள எல்டிஆர் பதிப்பு. பருவத்தின் நடுவில் மாற்ற வேண்டாம். நிறுவியைப் பென்டிரைவில் முன்பே வைத்துக்கொள்ளுங்கள், ஒரு ஜிபியைத் தாண்டும். வேலை செய்யும் ஃபோல்டரின் பெயரில் இடைவெளியோ ஆங்கிலம் அல்லாத எழுத்தோ இருந்தால், கியூஜிஐஎஸ்ஸுக்குள் இருந்து ஓட்டும் கிராஸ் மென்பொருளின் கருவிகள் காரணம் சொல்லாமல் தோற்கலாம். ஆகவே டிரைவின் மேல்மட்டத்தில் சின்னப் பெயரில் ஒரு ஃபோல்டர் போதும்.

பயிற்சித் தரவை வகுப்பில் வைத்துப் பதிவிறக்கச் சொல்லாதீர்கள். நாற்பது பேர் ஒரே ஐபி முகவரியிலிருந்து ஒரே நிமிடத்தில், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைத் தரும் ஓவர்பாஸ் சேவையைக் கேட்டால் அது எல்லாரையும் ஒதுக்கிவிடும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவை ஜியோஃபேப்ரிக் தளத்திலிருந்து முன்னாடியே இறக்கி, வெட்டி, ஜியோபேக்கேஜாக வைத்துவிடலாம். வரைபடத்தின் அடியில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள் என்று எழுதுவது உரிம நிபந்தனை. முதல் வரைபடத்திலிருந்தே அதற்கு மதிப்பெண் வையுங்கள்.

பயிற்சித்தாளில் ஸ்கிரீன்ஷாட்டுகளைக் குவிக்க வேண்டாம். அடுத்த பதிப்பில் பொத்தான் இடம் மாறினால் முழுத்தாளும் வீணாகும். கருவியின் பெயரை எழுதி, கண்ட்ரோலும் கேயும் அழுத்தித் தேடச் சொன்னால் போதும்.

மதிப்பீடு

புராஜெக்ட் கோப்பை மட்டும் அனுப்பிவிட்டு லேயர் ஒன்றும் இல்லாமல் வருவது வழக்கம். கியூஜிஇசட் கோப்புக்குள் தரவு கிடையாது, தரவு இருக்கும் இடத்தின் முகவரிதான் உண்டு. தற்காலிக லேயர்கள் மூடியவுடன் போய்விடும். 'பேக்கேஜ் லேயர்ஸ்' கருவியால் எல்லாவற்றையும் ஒரே ஜியோபேக்கேஜில் திரட்டி, கூடவே, படிகளை வரிசையாகக் கோத்து வைக்கும் மாடல் டிசைனரில் செய்த மாடலையும் கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் வேறு ஆய்வுப் பகுதி கொடுத்தால் நகலெடுப்பதில் பலன் இருக்காது. நேர்முகத் தேர்வில் "பஃபரை 700 ஆக்கி ஓட்டிக் காட்டுங்க" என்று கேட்டால், மாடலைத் தானே கட்டியவருக்கு ஒரு நிமிட வேலை.

இறுதித் தேர்வுக்கு வெற்றுத்திரையைக் கொடுக்காமல், முடிந்த புராஜெக்ட் ஒன்றைக் கொடுங்கள். பார்க்க அழகான வரைபடம், உள்ளே ஐந்து பிழைகள்: தவறாக அறிவித்த சிஆர்எஸ், பூஜ்ஜியம் போன குறியீடு, கிளிப்புக்கு முந்தைய பரப்பளவு, பைலீனியரில் மாற்றிய வகை ராஸ்டர், 1000 கழிக்காத படம். இரண்டு மணி நேரம். ஒவ்வொரு பிழைக்கும், அதைக் காட்டிக்கொடுத்த எண் எது என்று எழுதினால் பாதி மதிப்பெண், திருத்திக் காட்டினால் மீதி.